அந்தூரியத்தின் நாடி

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குச் செல்லும் பெருவீதியில், கரவனெல்லையைக் கடந்து எட்டியாந்தோட்டையை நோக்கிப் போகையில், ஒரு புறம் களனி கங்கையும் மறு புறம் இறப்பர் மலைகளுமாகத் தொடர்ந்து வரும் அந்த வழியில், மரங்களின் இடைவெளியில் தோன்றி மறையும் தோட்ட லயங்களைப் பிரயாணிகள் பலரும் பார்த்திருப்பார்கள். தகரக் கூரையையும் புகையேறிய சுவரையும் கண்டு ஒரு பெருமூச்சோடு கடந்தும் போயிருப்பார்கள். ஆனால், அந்த லயங்களின் இஸ்தோப்பு விளிம்பிலே, கைப்பிடி போன வாளிகளிலும், துருவேறிய பால்மா டின்களிலும், அடி ஓட்டையான அலுமினியச் சட்டிகளிலும், மெழுகு பூசினாற்போன்ற செம்பூக்களை ஏந்திக்கொண்டு நிற்கும் அந்தூரியச் செடிகளை நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே என்று நினைக்கிறேன். கொழும்பு மண்டபங்களில் நடக்கும் மலர்க் கண்காட்சிகளில் பரிசுச் சீட்டுத் தொங்கவிட்ட அந்தூரியங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றின் சௌந்தரியத்தைப் பற்றி எனக்குக் குறையேதுமில்லை. ஆயினும், லயத்துச் செடிகளின்மீது என் மனம் கூடுதலாக ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவற்றிற் பல, எங்கேயோ ஒரு பங்களா விறாந்தையில் வாடி, ‘இனித் தேறாது’ என்று குப்பைக் குழிக்கு அனுப்பப்பட்டு, போகும் வழியில் யாரோ ஒரு பெண்ணின் கையில் அகப்பட்டு, உயிர் மீண்டவை.

நல்ல செடியை நன்றாக வளர்ப்பது ஒரு வித்தை. சாகக் கிடக்கும் செடியின் லக்ஷணங்களைப் பார்த்து, அதன் நோய் எங்கே இருக்கிறதென்று கண்டு, கூட்டவேண்டியதைக் கூட்டிக் குறைக்கவேண்டியதைக் குறைத்து, அதைத் தன் காலில் நிற்க வைப்பது அதைவிட அரிய வித்தை. நாடி பிடித்துப் பார்க்கும் பழைய வைத்தியருக்கு எத்தகைய பொறுமையும் விரல்நுனி ஞானமும் வேண்டுமோ, அத்தகையவை இதற்கும் வேண்டும். அந்த வித்தையில் தேர்ந்த கைகளைச் சப்ரகமுவத் தோட்டங்களில் நான் கண்டிருக்கிறேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தச் செடிக்கும் இந்த நிலத்துக்கும் உள்ள உறவில் ஒரு வருஷம் என்னை எப்போதும் வியப்பிலாழ்த்தும். 1876ஆம் ஆண்டிலேதான் எதுவார் ஆந்திரே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலார் கொலம்பியாவின் மலைக்காட்டில் இச்செடியைக் கண்டெடுத்தார்; அதன் சாஸ்திரப் பெயர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே 1876இலேதான், ஹென்றி விக்ஹம் அமேசன் கரையிலிருந்து கொண்டுபோன விதைகளினின்று இலண்டன் கியூ பூங்காவில் முளைத்த இறப்பர் நாற்றுகள் 1,919, முப்பத்தெட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்தன. அவற்றை வளர்ப்பதற்கென்றே கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் ஒரு பூங்கா உண்டாயிற்று. அந்தப் பெட்டிகளின் கதையும் சுவையானது. இலண்டனில் வைத்தியம் பார்த்துவந்த வார்ட் என்பவர், 1829இல், ஒரு பூச்சிக்கூட்டைப் போத்தலில் மூடிவைத்திருந்தபோது, உள்ளேயிருந்த ஈரமண்ணில் ஒரு சிறு பன்னம் தானாக முளைத்திருப்பதைக் கண்டார். மூடிய கண்ணாடிக்குள் ஈரம் ஆவியாகி மேலேறி, துளியாகி மீண்டும் மண்ணிலேயே விழுமாகையால், வெளியிலிருந்து தண்ணீர் காட்டாமலே செடி நெடுநாள் பிழைக்கும் என்று அதனால் அறிந்தார். உப்புக்காற்றில் கருகிப்போய்க்கொண்டிருந்த செடிகளெல்லாம் அதன்பிறகு உயிரோடு கடல் தாண்டின. ஆக, லயத்தைச் சூழ்ந்து நிற்கும் மரமும் அதன் வாசலில் நிற்கும் பூவும் அதனுள்ளே வாழும் மனிதரும் கடல் கடந்து வந்தவர்களே. மரத்துக்கும் மனிதருக்கும் தோட்டத்துப் பேரேட்டிலும் செக்ரோலிலும் கணக்கு உண்டு. பூவுக்கு மாத்திரம் யாரும் கணக்கு வைக்கவில்லை.

அந்தூரியம் சேம்பின் குலத்தைச் சேர்ந்தது. கருணைக்கும், தோட்டத்து ஓடைக்கரைச் சதுப்பில் முள்ளோடு நிற்கும் கொஹிலைக்கும் அது உறவு. நாம் பூ என்று சொல்லுகின்ற அந்தப் பளபளக்கும் தகடு நிறம் மாறிய ஓர் இலையே. நடுவில் நிமிர்ந்து நிற்கும் திரியின்மேல், சோளக்கதிரில் மணி பதித்தாற்போல் நெருங்கியிருக்கும் நுண்ணிய புள்ளிகளே அதன் மெய்யான பூக்கள். இதயவடிவான அதன் இலையைப் பார்த்தவர் எவரும் சேம்பையே நினைப்பார்கள். அப்படி நினைப்பதனாலேயே இச்செடிக்குப் பெரும்பாலான துன்பங்கள் வந்து சேருகின்றன. சேம்பு சேற்றில் நிற்கும்; கொஹிலை நீரிலே கால் வைத்துச் செழிக்கும்; அந்தூரியமோ மழைக்காட்டு மரங்களின் கிளைப்பிளவிலும், மட்கிய இலைக்குப்பையிலும் பற்றிக்கொண்டு, மழை பெய்யும்போது நனைந்து, மழை நின்றதும் வடிந்து, காற்றோட்டத்தில் உலர்ந்து வாழப் பழகிய வேரையுடையது. அந்த வேரை ஒரு முறை விரலில் எடுத்துப் பாருங்கள்: பருத்து, வெண்மையாக, மேலே பஞ்சு போன்ற ஓர் உறை போர்த்து, நுனி மட்டும் இளம்பச்சையாக இருக்கும். அவ்வுறை காற்றின் ஈரத்தையும் மழையின் துளியையும் உறிஞ்சிக்கொள்வது. அதைக் களிமண்ணில் புதைத்து நாள்தோறும் நீர் வார்த்தால், ஒருவன் மூக்கைப் பொத்திவிட்டு அவன் வாயில் பாயசம் ஊட்டியதற்கு ஒப்பாகும்.

இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. கேகாலையின் மலைச்சரிவுகளும் அதற்கு அதிகம் பின்தங்கியவை அல்ல. இக்காற்றின் ஈரமும் இளவெப்பமும் அந்தூரியத்தின் இலைக்கு அதன் தாய்வீட்டை நினைவூட்டுபவை. ஆனால் இதே மழை, தண்ணீர் வடியாத சட்டியில் அகப்பட்ட அதன் வேருக்கு எமன். இந்த இரண்டு உண்மையும் ஒரே செடியில் ஒரே வேளையில் நடப்பதுதான் இங்கே செடி வளர்ப்பவனுக்குள்ள சங்கடம்.

அச்சங்கடத்தை நான் என் கையாலேயே அனுபவித்தேன். தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், இடமாற்றம் பெற்றுப்போன நண்பர் ஒருவர் தம்மிடமிருந்த அந்தூரியத்தை, அழகான ஒரு பீங்கான் சட்டியில் வைத்து எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழெட்டு இலையும் இரண்டு பூவுமாக இருந்த செடி. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கையில் அதன் இலைகள் துவளத் தொடங்கின. துவண்ட இலையைக் கண்டால் மனிதன் செய்வது ஒன்றுதானே. நான் தண்ணீர் வார்த்தேன். மறுநாளும் துவண்டது, மறுநாளும் வார்த்தேன். அடியிலைகள் இரண்டு மூன்று ஒருசேர மஞ்சளித்தபோது, பசி போலும் என்றெண்ணி உரத்தையும் கரைத்து ஊற்றினேன். இலைநுனிகள் தீய்ந்து பழுப்பேறின. அந்நிலையிலேதான், பிள்ளையைப் பாடசாலையில் விட வந்த ஒரு பெரியம்மா, இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் கோலத்தில், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு என் விறாந்தைப் படியிலே நின்று அதை உற்றுப் பார்த்தார்.

“வாத்தியாரய்யா, தண்ணி ஊத்துறத மொதல்ல நிறுத்துங்க. சட்டியத் தூக்கிப் பாருங்க, என்னா கனம் கனக்குதுன்னு.”

தூக்கிப் பார்த்தேன், கல்லைப்போல் கனத்தது. அடியில் துவாரமே இல்லாத சட்டி அது.

வாட்டத்தில் இரண்டு ஜாதி உண்டு என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். தாகத்தால் வாடும் செடி நடுப்பகலில் துவண்டு, இரவு ஈரத்தில் சற்றே தெளிந்து, காலையில் ஓரளவு தலை தூக்கும், சட்டி இலேசாயிருக்கும், இலைவிளிம்பு உள்ளே சுருளும், ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் அந்தி சாய்வதற்குள் நிமிர்ந்துவிடும். வேரழுகி வாடும் செடியோ விடியற்காலை ஆறு மணிக்கும் தலை தூக்காது. சட்டி கனத்திருக்கும், இலையில் பளபளப்புப் போய் ஒரு மங்கல் படியும், முதிர்ந்த இலை ஒன்று தன் காலம் முடிந்து மெல்லப் பழுப்பது இயல்பாயிருக்க, இங்கே இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து மஞ்சளிக்கும், தண்டை விரலாற் பற்றி மெல்ல அசைத்தால், பால்பல் ஆடுவதுபோல் அடியோடு ஆடும். தண்ணீரிலே நின்றுகொண்டு தண்ணீருக்குத் தவிக்கும் நிலை அது. உறிஞ்சும் வேர் செத்துப்போன பிறகு கங்கையே பக்கத்தில் ஓடினாலும் இலைக்கு ஒரு துளி ஏறாது. இரண்டு செடியும் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றதைக் கொன்றுவிடும். பார்க்கப் பழகிய கண்ணின் பெருமை முழுவதும் இந்த இடத்திலேதான் விளங்குகிறது.

மறுநாள் விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினால் பால் கோப்பையில் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து வீணாகும். அப்படி வேலையற்றுப் போன காலைப்பொழுதில் பெரியம்மா வந்து, என் விறாந்தையில் சாக்கை விரித்து, சட்டியைக் கவிழ்த்து, அதன் அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். மண்கட்டியோடு செடி கழன்று வந்தது. கூடவே ஒரு நாற்றமும் வந்தது. அழுகிய மரவள்ளிக் கிழங்கின் நாற்றம். வாளித் தண்ணீரில் அசைத்து அசைத்து மண்ணைக் கரைத்தபின் அவர் வேர்களை ஒவ்வொன்றாக விரலுக்கிடையில் வைத்து உருவிப் பார்த்தார். செத்த வேரை உருவினால் அதன் மேலுறை பழந்துணியுறைபோல் கழன்று வர, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். உயிருள்ள வேர் விரலுக்கு எதிர்த்து நிற்கும். என் செடியில் எதிர்த்து நின்ற வேர்கள் மூன்று. அவை மூன்றும் மண்ணுக்கு மேலே, தண்டின் கணுவிலிருந்து புறப்பட்டு, மண்ணை எட்டாமல் காற்றில் நின்றவை.

அவர் சிறு கத்தியொன்றை அடுப்புத் தணலில் காட்டி ஆறவைத்துக்கொண்டு, அழுகலை அரிந்தார். அந்தக் கை வேலை செய்ததை நான் மறக்க முடியாது. இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர் கத்தியைப் பட்டைக்குள் செலுத்தும்போது, பால் ஓடும் அடுக்கைத் தொடவும் வேண்டும், அதற்கும் உள்ளேயிருந்து மரத்தை வளர்க்கும் மெல்லிய உயிரடுக்கைத் தொடாமலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். ஆழம் போனால் மரத்தில் காயம் முண்டு கட்டும். மேலோடு போனால் பால் குறையும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், விடியலின் அரைவெளிச்சத்தில், அந்த ஒரு மில்லிமீற்றரைக் கையாலேயே அளந்து பழகிய ஒருவரிடம், தண்டின் பழுப்பு எங்கே முடிந்து வெண்மை எங்கே தொடங்குகிறது என்பது போன்ற விஷயம் தப்புமா? பழுப்புத் தெரிந்த மட்டும் வில்லை வில்லையாக அரிந்துகொண்டே போனார். ஒரு புள்ளியளவு பழுப்பும் இல்லாத, முள்ளங்கி வெட்டினாற்போன்ற வெள்ளை முகம் தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்கு மேல் ஒரு மயிரிழையும் அரியவில்லை. வெட்டுவாயில் கறுவாப் பட்டைத் தூளைத் தூவி, காய்வதற்காக அடுப்பங்கரைப் பக்கம் ஒரு பகல் முழுக்கக் கிடத்தினார். எட்டு இலையில் ஐந்தைக் கிள்ளிவிட்டார். எனக்குப் பதைத்தது. வேர் மூன்றே இருக்கையில் எட்டு இலைக்குத் தண்ணீர் சுமக்க அவற்றால் ஆகாது என்பதை அவர் சொல்லாமலே பிறகு யோசித்து உணர்ந்தேன்.

புதுச் சட்டிக்கு அவர் மண்ணே எடுக்கவில்லை. தேங்காய் மட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, நாலைந்து நாள் தண்ணீரில் ஊறவைத்து, தேயிலைச் சாயம்போல் இறங்கும் நீரை நாள்தோறும் கொட்டி மாற்றி, உப்பும் துவர்ப்பும் போனபின் எடுத்துவைத்திருந்தார். அதனோடு செங்கல் துண்டும் சிரட்டைக் கரியும் கொஞ்சம் தும்புச்சோறும் கலந்து, அடியில் நாலு துவாரமிட்ட பழைய டின்னொன்றில் செடியை நிறுத்தினார். அந்தக் கலவையில் தண்ணீர் ஊற்றினால், ஊற்றிய கை எடுக்குமுன் அடியால் ஓடிவிடும். ஈரம் மட்டையில் தங்கும், காற்று இடுக்கில் தங்கும். கடைசியாக, தெளிந்த பொலித்தீன் பையொன்றை, மேல்மூலையில் இரண்டு துளையிட்டு, செடியின்மீது கூடாரம்போல் கவிழ்த்தார். மறுநாள் காலையில் அதன் உட்புறத்தில் முத்து முத்தாகத் துளிகள் கோத்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு இலண்டன் வைத்தியர் வார்ட்டின் நினைவு வந்தது. அப்பெயரைக் கேட்டறியாத ஒரு கை, அவர் கண்ட உண்மையை எட்டியாந்தோட்டை மழைக்குள் உட்கார்ந்து தானும் கண்டிருக்கிறது.

அவரிடமும், பிற்காலத்தில் இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டங்களில் பார்த்தவர்களிடமும் நான் கற்ற வேறு குறிகளும் உண்டு. இலைக்காம்பு நீண்டு மெலிந்து, இலை கருப்பச்சையாகி, பூவே வைக்காமல் நிற்பது வெளிச்சம் போதாமையின் அடையாளம். முதிர்ந்த இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடை மஞ்சளாகவும் இருந்தால் மகனீசியக் குறை. இலையின் நடுவில் வெளிறிய திட்டு விழுந்து காகிதம்போல் காய்ந்தால் வெயில் சுட்டது. இது இறப்பர்த் தோட்டங்களில் ஒரு விசேஷமான வேளையில் வரும். தை, மாசியில் இறப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாகிவிடும். பதினொரு மாதம் மரநிழலில் சுகமாயிருந்த செடி ஒரு வாரத்திற்குள் வெட்டவெளிக்கு வந்துவிட்டதுபோல் ஆகிவிடும். தேர்ந்தவர்கள் மரத்தின் இலை செம்பழுப்பாகத் தொடங்கும்போதே சட்டிகளை இஸ்தோப்பின் உட்சுவரோரத்துக்கு நகர்த்திவிடுவார்கள். நாட்காட்டியைப் பார்த்தா நகர்த்துகிறார்கள்? காலின் கீழே சருகு சலசலப்பதைக் கேட்டே நகர்த்துகிறார்கள்.

மீட்கக்கூடாத செடி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கலையைப் பற்றிப் பாதியே சொன்னதாகும். விடியற்காலையில் அந்தூரியத்தின் இலைவிளிம்பில் வரிசையாக நீர்த்துளிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பனியென்று எண்ணுவோம், ஆனால் அது செடி தானே கசியவிட்ட நீர். அந்நீர் கசியும் நுண்ணிய வாயில்களின் வழியாக ஒரு பக்றீரியா உள்ளே புகுகிறது. விளிம்பில் எண்ணெய் பட்டாற்போல் ஈரத்திட்டாகத் தொடங்கி, மஞ்சள் வளையம் சூழ, கருகிப் பரவி, தண்டுக்குள் இறங்கிவிடும். 1889இல் இலண்டனிலிருந்து ஹவாய்த் தீவுக்குப் போன இச்செடி அங்கே ஒரு பெருந்தொழிலாக வளர்ந்து, 1980களில் இந்த நோயால் நிலைகுலைய, சிறு பண்ணையாளர் பலர் தொழிலையே விட்டார்கள். ஒரு செடியை அரிந்த கத்தியும், ஒரு செடியிலிருந்து தெறித்த மழைத்துளியும் அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோய்விடும். பெரியம்மா கத்தியைத் தணலில் காட்டியதன் அருமை இதுதான். அவ்வளவு அன்போடு குப்பையிலிருந்து செடிகளைப் பொறுக்குகிற அவரே, அந்த மஞ்சள் வளையத்தைக் கண்ட ஒரு நாள், பூவோடு நின்ற பெரிய செடியொன்றைச் சட்டியோடு தூக்கி அடுப்பிலிட்டதை நான் பார்த்தேன். அன்றைக்கு அவர் யாரோடும் பேசவில்லை.

உயிர் தப்பிய செடியும் ஒரு காலத்தில் வேறொரு தோற்றத்துக்கு வரும். கீழிலைகள் ஒவ்வொன்றாக உதிர, தண்டு முழங்கை நீளத்துக்கு மொட்டையாக வளர்ந்து, உச்சியில் மாத்திரம் நாலைந்து இலையோடு, சாய்ந்து தள்ளாடி நிற்கும். பங்களாக்களில் அவலக்ஷணம் என்று எறிவது பெரும்பாலும் இந்த நிலையிலேதான். லயத்துக் கைகளுக்கோ அது இரண்டு செடி. தண்டின் கணுக்களில் புடைத்து நிற்கும் காற்றுவேர்களைச் சுற்றி ஈரத் தும்பைக் கட்டி, வேர் விரலளவு நீளும் வரை காத்திருந்து, அவற்றின் கீழே ஒரே வெட்டாக வெட்டித் தலையைப் புதுச் சட்டியில் வைப்பார்கள். அது தடங்கலே அறியாமல் வளர்ந்துகொண்டு போகும். அடிக்கட்டையை எறியாமல் நிழலில் வைத்திருந்தால், சில மாதத்தில் அதன் பக்கங்களிலிருந்து சுண்டுவிரலளவு குருத்துகள் எட்டிப்பார்க்கும். இருபது வருஷத்துக்கு முந்திய ஒரே தாய்ச்செடியின் தலைகளும் கட்டைகளுமாக ஒரு லயம் முழுவதும் பத்து வாசலில் நிற்பதை நான் தெரணியகலைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். எந்த வாசலில் எந்த வருஷத்து வெட்டு நிற்கிறதென்று அங்குள்ள பெண்கள், பிள்ளைகளின் பிறந்தநாள் சொல்வதுபோல் சொன்னார்கள்.

என் செடி ஒன்றரை மாதம் வரைக்கும் ஒன்றுமே செய்யவில்லை. மூன்று இலை, அதே மூன்று இலை. நான் தினமும் பையைத் தூக்கிப் பார்ப்பதையும், சட்டியை வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்த்துவதையும் பெரியம்மா கண்டு, “அது பாட்டுக்கு இருக்கட்டுமேங்கய்யா” என்று மட்டும் சொன்னார். கைவைத்துக்கொண்டே இருக்கும் ஆசையை அடக்குவது எனக்கு அரிதாயிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, நடுத்தண்டின் உறை பிளந்து, சுருட்டிவைத்த ஓலைபோல் ஒரு குருத்துத் தலைகாட்டியது. அது விரிந்தபோது அதன் நிறம் பச்சையன்று. செம்பும் தேனும் கலந்தாற்போன்ற ஒரு மெல்லிய சிவப்பு. எதிரே வெளிச்சம் பட்டால் நரம்பெல்லாம் தெரியும் அத்தனை இளமை. பத்து நாளில் அது மெல்ல மெல்லப் பச்சையாகித் தடித்தது. அதற்கடுத்த இலை, முந்தியதைவிட இரண்டு விரல் பெரிதாக வந்தது. தான் பிழைத்துக்கொண்டதை இச்செடி தெரிவிக்கும் முறை இதுதான்: புது இலை பழைய இலையை மிஞ்ச வேண்டும்.

மூன்றாவது இலையின் கக்கத்தில், ஐப்பசி மழை இடியோடு பெய்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மொட்டு வந்தது. அதை அவருக்குக் காட்டுவதற்காக நான் விடியலிலேயே வாசலில் காத்திருந்தேன். அன்று மழை விட்டிருந்தது. பால் வாளியோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் படியேறி வந்து, டோர்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு, நான் தடுக்க அவகாசமில்லாமல், இரண்டு நகத்துக்கிடையில் அந்த மொட்டைக் கிள்ளியெடுத்துவிட்டார்.

“இது வேணாம்யா. இன்னும் ஒடம்பு தேறல. அடுத்தத வச்சிக்கலாம்.”

கிள்ளிய மொட்டை அவர் கீழே போடவில்லை. பாதை திரும்பும் இடத்திலுள்ள மாரியம்மன் கோவில் படியில், விரல்நகமளவு சிவந்திருந்த அதை வைத்துவிட்டு, வாளியைக் கை மாற்றிக்கொண்டு மலையேறினார்.